நீலச் செருப்பில் வெட்டிய தக்கை

மீன் பிடிக்க ஆசை என்று அவள் சொன்னது என்னிடம் இல்லை, அவங்க அப்பாவிடம். நான் அந்த வீட்டுக்கு வந்து ஒரு மழைக்காலம்தான் ஆகியிருந்தது. என் கணவரின் முதல் மனைவி காய்ச்சலில் போனபோது அந்தப் பெண்ணுக்கு ஆறு வயசு. நான் வரும்போது ஒன்பது. மரியாதைக்கு ஒரு குறையும் வைக்க மாட்டாள். சோறு போட்டால் சாப்பிடுவாள், தலை பின்னினால் குனிந்து கொடுப்பாள். ஆனால் எதைக் கேட்டாலும் சுவரைப் பார்த்துத்தான் கேட்பாள். "பென்சில் காணோம்" என்று சுவரிடம் சொல்வாள், நான் தேடி எடுத்துக் கொடுப்பேன். அம்மா, சித்தி, ஒன்றும் கிடையாது.

என் நாத்தனார் வரும்போதெல்லாம் "சித்தின்னு கூப்பிடேன்டி" என்று பிள்ளையைப் போட்டு நச்சரிப்பாள். "விடுங்க அண்ணி, கூப்பிடாட்டி இன்னா இப்போ, சோறு எறங்காதா" என்று நான்தான் அடக்குவேன். வாய் அப்படிச் சொல்லுமே தவிர, மனசு கிடந்து ஏங்கும். பொய் சொல்வானேன்.

என் வீட்டுக்காரருக்குத் திண்டிவனத்தில் மல்லாட்டை மண்டியில், அதான் வேர்க்கடலை மண்டியில், வேலை. பெண் கேட்டதும் போனைத் தட்டி ஒரு தூண்டில் வரவழைத்துவிட்டார். சிவப்புக் கலர், சக்கரம் வைத்தது, மடக்கினால் கைக்குடை அளவு. கூடவே ரப்பர் புழு, கண் வரைந்த பிளாஸ்டிக் மீன் என்று ஒரு டப்பா நிறையச் சாமான். ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வெளியே இருக்கிற ஏரிக்கு மூன்று பேரும் பைக்கில் போனோம். மனுஷன் ஹீரோ கணக்காகக் காலை அகட்டி நின்று வீசினார். முதல் வீச்சு அவர் சட்டைக் காலரிலேயே மாட்டியது. அடுத்தது பின்னாலிருந்த வேலிக்காத்தான் மரத்தில். அதைப் பிடித்து இழுத்ததில் தூண்டில் நரம்பு முழுக்கச் சக்கரத்துக்குள் சிக்கிக்கொண்டது. அந்தப் பிள்ளை கையைக் கட்டிக்கொண்டு கரையில் நின்றதே தவிர, தூண்டிலைத் தொடக்கூட முடியவில்லை.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். பிறந்தது திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கம். பெண்ணையாற்றில் தண்ணீர் வருகிற மாசங்களில் அண்ணன்களோடு தூண்டில் போட்டு வளர்ந்தவள். குழந்தைக்குச் சக்கரத் தூண்டில் ஆகாது, அதைச் சுற்றப் பழகுவதற்குள் ஆசையே செத்துப்போகும் என்று எனக்குத் தெரியும். புதுசாக வந்தவள் நமக்கெதுக்கு என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். கடைசியில் வாய் நிற்கவில்லை. "போதும் சாமி, மடக்கி உள்ள வைங்க. மீனெல்லாம் சிரிச்சிக்கினு இருக்குது" என்றேன். அந்தப் பெண் களுக்கென்று சிரித்துவிட்டாள். சொன்னது நான் என்று ஞாபகம் வந்ததும் சிரிப்பை விழுங்கிவிட்டாள்.

எனக்கு விழுப்புரத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் பில் போடுகிற வேலை. ரயிலில் போய் வருவேன். மறுநாள் சாயங்காலம் ஜல்தியாகக் கிளம்பி, கயிறு, தார்ப்பாய், வலை எல்லாம் விற்கிற கடைக்குப் போனேன். தூண்டில் முள் கேட்டதும் கடைக்காரர் விரால் பிடிக்கிற பெரிய முள்ளை எடுத்துப் போட்டார்.

"இது வேணாங்க. சின்னதா, கெண்டைக்குப் போடுவாங்களே, அது."

"யாருக்கும்மா?"

"என் பொண்ணுக்கு."

வாயிலிருந்து வந்த பிறகுதான் எனக்கே தூக்கிவாரிப் போட்டது. அதற்கு முன்னால் யாரிடமும் நான் அப்படிச் சொன்னதில்லை. கடைக்காரர் அவர் பாட்டுக்குச் சுண்டுவிரல் நகத்துக்குள் அடங்குகிற முள்ளாகப் பொறுக்கிக்கொண்டிருந்தார். மெல்லிசு நரம்பு ஒரு சுருளும், மிளகு அளவு ஈயக்குண்டும் வாங்கிக்கொண்டேன். கழிக்கு வீட்டுப் பக்கத்தில் மூங்கில் கடை இருந்தது. நீளமானதெல்லாம் பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் பிள்ளை ஒற்றைக் கையால் தூக்கிக் கொஞ்ச நேரம் நிற்க வேண்டுமே. அவள் கையை நினைத்துக்கொண்டு நான் தூக்கித் தூக்கிப் பார்த்ததில் மூங்கில்காரருக்குப் பேஜாராகிவிட்டது.

ராத்திரிச் சோறு ஆனதும் கூடத்தில் உட்கார்ந்து இரண்டு தூண்டில் கட்டினேன். முள்ளுக்கு நுனியில் எதிர்ப்பக்கமாக ஒரு சின்னக் கொக்கி இருக்கும். அதைக் குறட்டால் நசுக்கிவிட்டேன். விரலில் குத்தினாலும் வம்பில்லாமல் வெளியே வந்துவிடும். அவள் வீட்டுப்பாடம் எழுதுகிற மாதிரி பாவனை பண்ணிக்கொண்டு நகர்ந்து நகர்ந்து பக்கத்தில் வந்துவிட்டாள். இனித் தண்ணீரில் மிதக்கத் தக்கை ஒன்றுதான் பாக்கி. எங்கள் பக்கம் அதற்குப் பழைய ரப்பர் செருப்பை வெட்டிக்கொள்வோம். "பழைய செருப்பு ஒண்ணு இருந்தா தக்கை வெட்டலாம்" என்று நானும் சுவரைப் பார்த்தே சொன்னேன்.

எழுந்து போனாள். ஸ்டூல் இழுக்கிற சத்தம் கேட்டது. பரண்மேலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்துவந்து என் முன்னால் வைத்தாள். உள்ளே நீல வார் போட்ட ஒற்றைச் செருப்பு. குதிகால் தேய்ந்து, கட்டைவிரல் அழுந்தின இடம் குழிந்து இருந்தது.

யாருடையது என்று கேட்க வேண்டியதில்லை. அவள் அம்மாவின் புடவைகளைச் சொந்தக்காரர்கள் ஆளுக்கொன்றாக வாங்கிக்கொண்டார்கள். போட்டோவுக்கு மாலை போட்டு மாட்டியாகிவிட்டது. செத்தவங்க செருப்பை யாராவது வீட்டில் வைப்பாங்களா, தூக்கிப் போடு என்று நாத்தனார் சொல்லியும் என் வீட்டுக்காரருக்கு மனசு வரவில்லை. ஜோடியாகப் பரணில் ஏற்றிவிட்டார். பொங்கலுக்கு ஒட்டடை அடிக்கும்போது பார்த்து, தூசி தட்டி அங்கேயே நானும் வைத்திருந்தேன்.

"இது வேணாம் கண்ணு. என்னுது ஒண்ணு கெடக்குது, அத்த வெட்டறேன்."

"இதான் வேணும்" என்றாள், செருப்பைப் பார்த்து.

நம்பிக் கொடுத்தாளா, இவள் என்ன செய்கிறாள் பார்ப்போம் என்று கொடுத்தாளா, இன்றைக்கும் எனக்குத் தெரியாது. கால் பதிந்த இடத்தைத் தொடாமல், ஓரத்திலிருந்து புளியங்கொட்டை அளவுக்கு ஒரு துண்டு வெட்டி, ஹேர்பின்னைச் சுட வைத்து ஓட்டை போட்டு நரம்பில் கோத்தேன். என் தூண்டிலுக்கு டிவி வந்த பெட்டியிலிருந்து தெர்மாகோல் கிள்ளிக்கொண்டேன். மீதிச் செருப்பை அவள் தன் துணிப்பையில் வைத்துக்கொண்டாள்.

அடுத்த ஞாயிறு நாங்கள் இரண்டு பேர் மட்டும் ஏரிக்குப் போனோம். மண்புழுவைப் பார்த்தால் பிள்ளை முகம் சுளிக்குமே என்று சப்பாத்தி மாவு கொண்டுபோயிருந்தேன். முள் மறைகிற அளவுக்கு மாவை உருட்டிக் காட்டினேன். "தக்கை லேசா ஆடினா சும்மா இரு. மீனு மோந்து பாக்குது. உள்ள முழுகுச்சுன்னா மட்டும் தூக்கு." அவள் கண் அந்தத் துண்டை விட்டு நகரவில்லை. இரண்டு தடவை அவசரப்பட்டாள். அப்புறம் பிடித்துவிட்டாள், உள்ளங்கை அளவு ஜிலேபி மீன். நான் முள்ளை எடுத்ததும் தண்ணீரில் விடச் சொன்னாள், விட்டேன். அவள் முகமெல்லாம் சந்தோஷம்.

அடுத்து மாட்டியது மீன் இல்லை, தண்ணீருக்குள் கிடந்த முள்மரம். நான் எட்டிப் பிடிப்பதற்குள் அவள் வெடுக்கென்று இழுத்துவிட்டாள். நரம்பு கழி நுனியிலேயே அறுந்தது. கொஞ்ச நேரத்தில் காற்று அலையில் முள் விடுபட்டுத் தக்கை மெல்ல நடு ஏரியைப் பார்த்து நகர ஆரம்பித்தது.

அவள் வெறுங்கழியைப் பிடித்தபடி அதையே பார்த்தாள். அவங்க அம்மாவோடதை வாங்கித் தண்ணீரில் தொலைத்தவள் என்று ஆகிவிடுவேன், இனி இந்தப் பெண் சுவரிடம்கூடப் பேசாது என்றுதான் தோன்றியது. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கிவிட்டேன். நீச்சல் தெரியாது. ஆற்றில் வளர்ந்தவள்தான், ஆனால் இடுப்புக்கு மேல் தண்ணீரைப் பார்த்தவள் இல்லை. கால் சேற்றில் புதைந்தது. தக்கை கைக்கு எட்டுகிற மாதிரியே இருந்துகொண்டு தள்ளித் தள்ளிப் போனது. மார்பு வரைக்கும் தண்ணீர் வந்துவிட்டது.

பின்னாலிருந்து யாரோ முந்தானையை இழுத்தார்கள். திரும்பினால் அவள், இடுப்பளவு தண்ணீரில், இரண்டு கையாலும் என் முந்தானையைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"உள்ள போவாதீங்க" என்றாள். "அது போனா போவுது. நீங்க வாங்க."

வந்தேன். இரண்டு பேரும் கரையில் உட்கார்ந்து சேற்றை வழித்துப் போட்டோம். திட்ட வேண்டும் என்று வாயைத் திறந்தேன், நீ எதுக்குத் தண்ணியில எறங்கினே என்று. அதற்குள் அவள் கூடக் கொண்டுவந்திருந்த துணிப்பையைத் திறந்து அந்தச் செருப்பை எடுத்து என் மடியில் வைத்தாள்.

"இதுல எத்தினி தக்கை வரும்?"

"நெறைய வரும் கண்ணு. வீட்ல இன்னோரு செருப்பும் இருக்குதே."

பக்கத்தில் கிடந்த என் தூண்டிலைப் பார்த்தாள். அப்புறம் என் முகத்தைப் பார்த்தாள்.

"அப்போ உங்களுக்கும் ஒண்ணு வெட்டிக்கோங்க" என்றாள். "தெர்மாகோல் நல்லாவே இல்ல."

ஈரப் புடவையோடு உட்கார்ந்து, நரம்பு அறுக்கக் கொண்டுவந்திருந்த பிளேடால் அவளுக்கு ஒன்று, எனக்கு ஒன்று வெட்டினேன். கண் சரியாகத் தெரியாததால் இரண்டும் கோணலாகத்தான் வந்தன.