கை வைக்காமல் விட்ட ரெய்டு

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் கபடி டீம் ஜெயித்தது. எங்கள் தோல்விகளைக்கூட இந்தப் பத்தியில் கூச்சமில்லாமல் எழுதியிருக்கிறேன். இந்த வெற்றியை எழுதும்போது முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

எங்கள் ரெய்டர் சதீஷ், குரோம்பேட்டையில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறான். என் வயதுதான். அவனுக்கு வலிப்பு நோய் உண்டு. தவறாமல் மாத்திரை சாப்பிடுகிறான். ரொம்ப நாளாக ஒருமுறைகூட வரவில்லை. மறுபடி விளையாடலாமா என்று நரம்பியல் டாக்டரிடமே போய்க் கேட்டான். அவர் டெஸ்ட் எல்லாம் பார்த்துவிட்டு, "விளையாடுங்க. மாத்திரையை விடாதீங்க. தலையில அடிபட்டா அன்னிக்கு ஆட்டம் முடிஞ்சுது. கூட ஆடுறவங்ககிட்ட மட்டும் சொல்லி வைங்க" என்றாராம்.

சொன்னான். எங்களை உட்காரவைத்து கிளாஸே எடுத்தான். "வந்தா ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. வாயில எதையும் வைக்காதீங்க. நிக்கலைன்னா ஆம்புலன்ஸ். எவனாவது இரும்புச் சாவியைக் கையில திணிச்சீங்க... எழுந்து வந்து அடிப்பேன்டா!"

சிரித்தோம். "இது நம்மளோட இருக்கட்டும்" என்றான் கடைசியில்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் நான்தான் ஆர்வக்கோளாறு ஆயிற்றே! வாரம் முழுக்க இணையத்தில் படித்தேன். மூளை, அடி, விளையாட்டு... வீடியோ வேறு. பாதி டாக்டர் ஆகிவிட்டேன். முழு டாக்டர் சொன்னது எனக்குப் போதவில்லை.

எதிர் டீம் அனகாபுத்தூர். அவர்கள் கேப்டனுக்கு போன் போட்டேன். "ஜி, எங்க ரெய்டருக்கு வலிப்பு இருக்கு. கொஞ்சம் பார்த்துப் பிடிங்க."

"அய்ய, இன்னா நைனா சொல்ற? நம்ம பசங்க கையே வெக்க மாட்டாங்க. நீ பேஜார் ஆவாத."

எவ்வளவு நிம்மதி தெரியுமா எனக்கு? ஓர் உயிரைக் காப்பாற்றிவிட்ட மாதிரி தூங்கினேன்.

பீர்க்கன்கரணை ஏரிப் பக்கம் மைதானம். சதீஷின் மனைவி வித்யாவும் வந்திருந்தார். கல்யாணத்துக்குப் பிறகு அவன் ஆடி, அவர் பார்க்கும் முதல் மேட்ச்.

முதல் ரெய்டு. 'கபடி கபடி' என்று பாடிக்கொண்டே போனான். தொட்டான். திரும்பினான். யாரும் பிடிக்கவில்லை. அடுத்த ரெய்டு — அதே கதை. வித்யா எழுந்து நின்று கை தட்டினார். சதீஷ் முகத்தில் அப்படியொரு பளபளப்பு... பழைய வேகம் திரும்பிவிட்டது என்று நினைத்திருக்கிறான்.

மூன்றாவது முறை அவர்கள் பக்கத்துக் கடைசிக் கோடு வரைக்கும் உள்ளே போனான். அவர்களுடைய கார்னர் ஆட்டக்காரன் — நல்ல மனசுக்காரன், அதுதான் கொடுமை — தோளை நீட்டிக்கொண்டே சொன்னான்: "அவசரமே இல்ல தல. நிதானமா தொட்டுக்கினு போ. உடம்பு முக்கியம்."

சதீஷ் பாடுவதை நிறுத்தினான்.

எதிராளி பக்கம் பாட்டு நின்றால் ரெய்டர் அவுட். அவனுக்கு மூச்சு வாங்கவில்லை. சும்மா நின்றான். எதிரே இருந்த ஒவ்வொருவரையும் பார்த்தான். விசில் ஊதினார்கள். நடந்தே வெளியே வந்தான்.

"எவன்டா சொன்னது?"

நான் முழங்கால் உறையைச் சரிசெய்துகொண்டிருந்தேன். அது சரியாகத்தான் இருந்தது.

அதன்பிறகு அவன் உள்ளே வரவில்லை. ஆனாலும் ஜெயித்தோம் — அவன் எடுத்த பாயிண்ட்டுகளைக் கழித்தால் தோற்றிருப்போம். மேட்ச் முடிந்ததும் அவனிடம் போனேன்.

"நான்தான் மச்சான். உன் நல்லதுக்குத்தான்..."

"டாக்டர்கிட்ட கேட்டேன். வித்யாகிட்ட கேட்டேன், அவ பல நாள் யோசிச்சு சரின்னா. நீ என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியாடா?"

"பயந்துட்டேன்டா."

"பயமா இருந்தா 'உன்கூட ஆட மாட்டேன்'னு மூஞ்சிக்கு நேரா சொல்லு. அதாவது மரியாதை. ஊருக்கே சொல்லிட்டு, என்னைச் சின்னப் பிள்ளை மாதிரி ஜெயிக்க வைக்கிறியா? அவ முன்னாடி?"

மூளையில் பிரச்னை இருப்பவர்கள் முட்டி மோதும் ஆட்டம் ஆடலாமா? நியாயமான கேள்விதான். சிலருக்கு டாக்டர் வேண்டாம் என்பார். கேட்டுத்தான் ஆக வேண்டும். ஆனால் நாம் என்ன செய்கிறோம்? மூளையில் கோளாறு என்று காதில் விழுந்ததுமே, அந்த மூளையால் முடிவெடுக்க முடியாது என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம். இணையத்திடம் கேட்போம், எதிர் டீமிடம் சொல்வோம் — அவனிடம் மட்டும் கேட்க மாட்டோம்.

கிளம்பலாம் என்று பையில் கைவிட்டு பைக் சாவியை இழுத்தேன். கூடவே வந்து விழுந்தது எங்கள் வீட்டு கேட்டின் பழைய இரும்புச் சாவி. எதற்கும் இருக்கட்டும் என்று காலையில் எடுத்துப் போட்டது! அவ்வளவு படித்த பிறகும்.

சதீஷ் குனிந்து அதை எடுத்தான். என் உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினான்.

"இறுக்கிப் பிடிச்சுக்கோ. அடுத்த ஞாயிறு பிராக்டிஸ்ல என் காலையும் இதே மாதிரி பிடி."