எதிர்காற்றில் அக்கா

எனக்கு முன்னால் சைக்கிள் மிதிக்கிறவர் திடீரென்று ஒரு கையைப் பின்னால் கொண்டுவந்து தரையைக் காட்டுவார். ஏதோ கீழே விழுந்துவிட்டது போலிருக்கிறது என்று ஆரம்பத்தில் நான் குனிந்து தேடியிருக்கிறேன். ஒன்றும் இருக்காது. தேங்காய்ச் சில்லு அளவுக்குத் தார் பெயர்ந்திருக்கும், அவ்வளவுதான். பள்ளத்தைத் தான் தாண்டிப் போனால் போதாது, பின்னால் வருகிறவருக்கும் காட்டிவிட்டுப் போக வேண்டும் என்பது இங்கே சட்டம். நடுவழியில் கம்பம் நட்டிருந்தால் முதல் ஆள் "பால்ட்சே" என்று கத்துவார். அந்தச் சொல் வாய் மாறி வாய் மாறிக் கடைசி ஆள் வரைக்கும் போகும். எங்கள் ஊர்ப்பக்கம் இந்த வழக்கத்தை வைத்தால் கையைத் திரும்ப ஹேண்டில்பாருக்குக் கொண்டுவர நேரமே கிடைக்காது.

நான் இருப்பது நெதர்லாந்தின் தென்மேற்கு மூலையில், ஸீலாந்து என்ற பகுதியில். கடலைவிடத் தாழ்ந்த நிலம். கரையை உயர்த்திக் கட்டிக் கடலை வெளியே நிறுத்தி வைத்திருக்கிறார்கள். மரக்காணத்து உப்பளத்தில் வரப்பு கட்டி உப்புத்தண்ணீரை உள்ளே அழைத்துக்கொண்ட வீட்டிலிருந்து வந்தவன் நான். சிங்கப்பூரில் எட்டு வருஷம் வெல்டர் வேலை, பிறகு இங்கே ஒன்பது வருஷம், அதே வேலை. வயது நாற்பத்தொன்று. கல்யாணம் தள்ளித் தள்ளிப் போய்க் கடைசியில் நின்றேவிட்டது. சனிக்கிழமைகளில் வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த என்னைப் பக்கத்து வீட்டு வில்லம் பார்த்துவிட்டு, தன் பழைய சைக்கிளைக் கொடுத்து அவர்கள் சங்கத்தில் சேர்த்துவிட்டார். வில்லம் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், வயது அறுபத்தெட்டு. மற்றவர்களும் ஏறக்குறைய அந்த வயதுதான். சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு மாதா கோவில் வாசலில் எட்டுப் பேர் கூடுவோம். தொண்ணூறு, நூறு கிலோமீட்டர் சுற்றிவிட்டு மத்தியானம் வீடு திரும்புவோம்.

இந்த ஊரின் காற்றைப் பற்றிச் சொல்லாமல் சைக்கிளைப் பற்றிச் சொல்ல முடியாது. மலை இல்லை, மரம் குறைவு, கடற்கரை மேட்டில் ஏறினால் காற்று ஆளைப் பிடித்துத் தள்ளும். அதனால் ஒருவர் முன்னால் போய்க் காற்றை வாங்கிக்கொள்வார். மற்றவர்கள் அவர் முதுகுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டு போவார்கள். அந்த முன் இடத்துக்குக் கொப் என்று பெயர், தலை என்று அர்த்தம். கொப்பில் இருக்கிறவர் நாலைந்து நிமிடம் கழித்து முழங்கையை ஆட்டிவிட்டு ஒதுங்கி, அப்படியே பின்னால் போய் வரிசையின் வாலில் ஒட்டிக்கொள்வார். அடுத்தவர் முன்னால் வருவார். ஒண்டிக்கொண்டு போகிறபோது பாதி உழைப்பு மிச்சம் என்பார்கள். அது உண்மை என்பதை என் தொடைகளே சொல்லும்.

முதல் மாதத்திலேயே நான் ஒரு காரியம் செய்தேன். கடுமையான எதிர்காற்று வீசிய ஒரு நாள் என் முறை வந்தது. நான் முழங்கையை ஆட்டவே இல்லை. பின்னால் வருகிறவர்கள் எல்லாம் பெரியவர்கள், நான் சின்னவன், நேற்று வந்தவன். அவர்களைக் காற்றுக்கு முன்னால் விட்டுவிட்டு நான் பின்னால் ஒளிந்துகொள்வதா? பின்னாலிருந்து ஏதோ கத்தினார்கள். உற்சாகப்படுத்துகிறார்கள் என்று நினைத்து இன்னும் மிதித்தேன். ஒரு மணி நேரம் அப்படியே போனேன். எழுபதாவது கிலோமீட்டரில் என் கால்கள் செத்துவிட்டன. கண் இருட்டியது. எட்டுப் பேர் கொண்ட வரிசை என் ஒருவனுக்காக மாட்டுவண்டி வேகத்துக்கு வந்தது. என் முதுகில் கையை வைத்துத் தள்ளியே ஊர் கொண்டுவந்து சேர்த்தவர், நான் காப்பாற்றுவதாக நினைத்திருந்த அதே வில்லம்.

காப்பிக் கடையில் அவர் என்னிடம் நேராகவே கேட்டார். சுற்றி வளைத்துப் பேசும் பழக்கம் இந்த ஊரில் கிடையாது. எங்களைக் கிழவர்கள் என்று காட்டத்தான் அப்படிச் செய்தாயா என்றார். நான் பதறிப்போய், இல்லை, மரியாதை என்றேன். அவர் அந்தச் சொல்லைத் தன் வாயால் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். பிறகு, "கொப்பை விட்டுக் கொடுக்காதது மரியாதை இல்லை. நீ களைத்துப்போனால் எங்களுக்கு உதவ ஓர் ஆள் குறைகிறான், அவ்வளவுதான்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. நன்றிகெட்ட ஜனங்கள் என்று முணுமுணுத்துக்கொண்டு இரண்டு சனிக்கிழமை போகவில்லை. மூன்றாவது வாரம் ரோஷம் தணிந்து போனேன். முறை வந்தபோது வாங்கிக்கொண்டேன், முறை முடிந்தபோது கொடுத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் ஊருக்கு வீடியோவில் பேசுவேன். ஊரில் இருப்பது அம்மாவும் அக்கா கஸ்தூரியும். அக்கா என்னைவிட ஐந்து வயது பெரியவள், கல்யாணமான மூன்றாம் வருஷமே புருஷன் வீடு வேண்டாமென்று திரும்பி வந்தவள், பிள்ளை இல்லை. ஆறு வருஷத்துக்கு முன்னால் அம்மாவுக்கு வாதம் அடித்து இடது பக்கம் விழுந்துவிட்டது. அன்றிலிருந்து அக்காதான் குளிப்பாட்டி, ஊட்டி, புண் வராமல் இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் போட்டு, நடுவில் விடியற்காலையில் உப்பளத்துக்கும் ஓடிப்போய்த் தலைச்சுமை சுமந்துவிட்டு வருகிறாள். நான் பணம் அனுப்புகிறவன். ஆடிக்கொரு தரம் அமாவாசைக்கொரு தரம் நேரில் வந்து, பத்து நாள் விருந்தாளியாக இருந்துவிட்டுப் போகிறவன்.

சங்கத்துக்குத் திரும்பப் போன மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, அவளைச் சிரிக்கவைக்கலாம் என்றுதான் என் சைக்கிள் கூத்தைச் சொன்னேன். தள்ளிக்கொண்டு வந்ததைக் கேட்டு நன்றாகவே சிரித்தாள். பிறகு, முன்னால் போகிறவர் மாறிக்கொண்டே இருப்பார் என்று நான் விளக்கியபோது சிரிப்பு நின்றது.

"மாத்திக்க ஆள் இருக்குது உங்களுக்கு" என்றாள்.

குத்திக்காட்டவில்லை. குத்திக்காட்டியிருந்தால் நான் சண்டை போட்டுத் தப்பித்திருப்பேன். மழை வருது என்று சொல்கிற குரலில் சொன்னாள். அப்புறம் அம்மாவுக்குப் பேதி நின்றதைப் பற்றிப் பேசினாள். போனை வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. ஆறு வருஷமாக அவள் முதுகுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டு வந்தவன் நான்தான். என் முறை வந்து எத்தனையோ நாளாகியிருந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது.

பட்டறையில் கெஞ்சி, சம்பளமில்லா விடுப்பும் சேர்த்துப் பத்து வாரம் வாங்கினேன். மார்ச் மாதம் மரக்காணத்தில் வந்து இறங்கி, இனிமேல் அம்மாவை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ ஓய்வெடு என்று அக்காவிடம் பெருமையாகச் சொன்னேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுத் துணி துவைக்கப் போனாள். மூன்று நாளிலேயே என் பெருமை இறங்கிவிட்டது. நான் தலைவாரிவிட்ட லட்சணத்தைப் பார்த்து, குரங்கு கையில் பூமாலை என்றாள் அக்கா. துணி மாற்றப் போனால் அம்மா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வாள். வாதத்துக்குப் பிறகு அம்மாவின் பேச்சு குழறிப்போய், தெளிவாக வருவது ஒரே சொல்தான்: கஸ்தூரி. பெற்ற மகன் தொட்டால் கூசுகிற உடம்பை வைத்துக்கொண்டு அவள் எவ்வளவு அவமானப்பட்டிருப்பாள் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. இரண்டாவது வாரம் கண்ணை மூடிக்கொள்ளப் பழகினாள். அதற்குப் பிறகு என்னையும் கஸ்தூரி என்றே கூப்பிட்டாள். நானும் ஏன்மா என்று போய் நின்றேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அம்மாவைத் தூங்கவைத்துவிட்டு அக்காவுக்குக் கஞ்சி கொண்டுபோனேன். ஓய்வெடு என்று நான் சொன்னதை அவள் எங்கே கேட்டாள், சீசன் நேரத்தில் வேலையை விட மாட்டேன் என்று உப்பளத்துக்குப் போய்க்கொண்டுதான் இருந்தாள். பாண்டிச்சேரிப் பக்கமிருந்து ஈ.சி.ஆர் சாலையில் ஹெல்மெட்டும் இறுக்கமான சட்டையுமாக இருபது பேர் சைக்கிளில் வந்தார்கள். வாரக்கடைசியில் மகாபலிபுரம் வரைக்கும் மிதிக்கிற சங்கம் ஒன்று. அக்கா தலையில் உப்புக்கூடையோடு வரப்பிலேயே நின்றுவிட்டாள். கூடையிலிருந்து தண்ணீர் கழுத்தில் வழிகிறது, இறக்கிவைக்கவும் இல்லை, நடக்கவும் இல்லை. கடைசி சைக்கிள் மறைகிற வரைக்கும் பார்த்தாள்.

"முன்னாடி போனவன் பின்னாடி போயிட்டான், பாத்தியா?" என்றாள். "நீ சொன்னது நெசந்தான்."

அன்றைக்கே நான் பிடிவாதம் பிடித்தேன். நாலு நாள் எங்கேயாவது போய் இருந்துவிட்டு வா, அம்மாவையும் வீட்டையும் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். யோசித்து யோசித்து, பெரிய முதலியார்சாவடியில் இருக்கும் மல்லிகா வீட்டுக்குப் போகிறேன் என்றாள். மல்லிகா முன்பு அவளோடு உப்பு சுமந்தவள், இப்போது அங்கே மகளோடு இருக்கிறாள். அக்கா நல்ல புடவை கட்டிக்கொண்டாள். பையில் நாலு நாள் துணி. பஸ் ஏற்றிவிட்டு, கைவீசிவிட்டு வந்தேன். வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு நல்ல காரியம் செய்துவிட்ட திமிர் எனக்கு இருந்தது.

அதே நாள் சாயங்காலம் நாலு மணிக்கு அம்மாவுக்குப் பால் ஊட்டிக்கொண்டிருந்தபோது வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. அக்கா. பையைக் கீழே வைத்தாள், புடவையை இழுத்துச் செருகினாள், என் கையிலிருந்த டம்ளரை வாங்கிக்கொண்டாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. என்மேல் நம்பிக்கை இல்லையா என்று கேட்டேன். அவள் பால் முழுவதையும் ஊட்டி முடித்து, அம்மாவின் வாயைத் துடைத்துவிட்ட பிறகுதான் பதில் சொன்னாள்.

"நம்பிக்கைலாம் இருக்குது. மல்லிகா வேலைக்குப் போயிட்டா, நான் சும்மா குந்திகினு இருந்தேன். மல்லிகா சொல்லிக் கேட்டு அக்கம்பக்கத்துலேர்ந்து வந்தவங்க எல்லாம் உங்கம்மா எப்படி இருக்குதுன்னுதான் கேட்டாங்க. என்னைக் கேக்கறதுக்கு ஒண்ணும் இல்ல அவங்களுக்கு."

டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தாள்.

"நீ முன்னாடி வந்துட்ட, சரி. நான் பின்னாடி எங்கடா போறது? உங்க ஆளுங்களுக்குப் பின்னாடி ஒரு வரிசை இருக்குது. எனக்கு யாரு இருக்கா?"

மாறிக்கொள்வது என்றால் முன்னால் இருக்கிறவரை இறக்கிவிடுவது என்று மட்டும்தான் எனக்குத் தெரிந்திருந்தது. இறங்குகிறவர் போய்ச் சேர ஓர் இடம் வேண்டும் என்பதை நான் நினைத்தே பார்க்கவில்லை. ஊரைவிட்டுப் போனபோது சிங்கப்பூரில் எனக்கு ஓர் அறை காத்திருந்தது, நண்பர்கள் இருந்தார்கள். நெதர்லாந்திலும் ஒரு வில்லம் கதவைத் தட்டினார். அக்கா இருந்த இடத்திலேயே இருந்தாள். அந்த ஆறு வருஷத்தில் அவளுடைய சிநேகிதம், கோவில், சினிமா எல்லாம் ஒவ்வொன்றாகக் கழன்று போயிருந்தன. அவற்றையெல்லாம் பத்து வாரத்தில் திருப்பிக் கொடுக்க நான் யார்? அன்று பின்கட்டுக்குப் போய்த் தனியாக அழுதேன்.

அதற்குப் பிறகு அவளைப் போ போ என்று விரட்டவில்லை. அம்மாவுக்குச் செய்ய வேண்டியதை நான் செய்தேன், அவள் பக்கத்தில் இருந்து பார்த்தாள். மதியம் உப்பளத்திலிருந்து வந்தால் அரை மணி நேரம் படுப்பாள். பிறகு அது ஒரு மணி நேரமானது. ஒருநாள் பெருமுக்கல் மலைக்கோவிலுக்குப் போய்வருகிறேன் என்று தானாகவே கிளம்பினாள், தனியாக. மூன்று முறை போன் செய்து அம்மா சாப்பிட்டாளா என்று கேட்டாள். நாலாவது முறை செய்யவில்லை. திரும்பி வந்தபோது முழங்கால் வலிக்கிறது என்று புலம்பினாள். முகம் மட்டும் கழுவிவிட்டது போல இருந்தது.

மே மாதக் கடைசியில் நான் கிளம்பினேன். வருஷா வருஷம் உப்பு சீசனில் பத்து வாரம் வருவேன் என்று சொல்லியிருந்தேன். வெளிநாட்டுக்காரன் வாக்கு எப்படிப்பட்டது என்று தெரிந்தவள், அதைக் காதில் வாங்காதவள் போல என் பெட்டிக்குக் கயிறு கட்டினாள். சென்னை பஸ் வந்து நின்று, நான் பெட்டியை ஏற்றியபோதுதான் வாயைத் திறந்தாள்.

"அடுத்த வருசம் நீ வர்றதுக்குள்ள, எங்க போவணும்னு நான் யோசிச்சி வெக்கிறேன்" என்றாள்.

ஊரைவிட்டு நான் கிளம்பியபோதெல்லாம் அவள் பத்திரமாகப் போ என்றுதான் சொல்லியிருக்கிறாள். நீ வர்றதுக்குள்ள என்று சொன்னது இதுதான் முதல் தடவை. பஸ் திண்டிவனம் ரோடு பிரிகிற இடத்தைத் தாண்டும் வரைக்கும் என்னால் பக்கத்து சீட்டுக்காரர் பக்கம் முகத்தைத் திருப்ப முடியவில்லை.

போன மாதம் எங்கள் சங்கத்தில் வரும் ஆண்டுக்கான பயணங்களைத் திட்டமிட்டார்கள். ஏப்ரல் மாதம் பெல்ஜியத்துக்கு மூன்று நாள் பயணம், எல்லோரும் பெயர் கொடுக்கிறார்கள். நான் கொடுக்கவில்லை. வசந்த காலத்தில் இங்கே இருக்க மாட்டேன், ஊரில் எனக்குக் கொப் முறை இருக்கிறது என்று வில்லமிடம் சொன்னேன். இந்தியாவிலும் ஒரு சங்கத்தில் சேர்ந்துவிட்டேன் என்று அவர் புரிந்துகொண்டார். மிகவும் சந்தோஷப்பட்டு, காற்று எப்படி என்று விசாரித்தார். மத்தியானத்துக்கு மேல் கடல் காற்று நன்றாக இருக்கும் என்றேன். எத்தனை பேர் என்று கேட்டார்.

இரண்டு பேர் என்றேன்.

வில்லம் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுத் தலையை ஆட்டினார். இரண்டு பேர் மட்டும் என்றால் ரொம்பக் கஷ்டம், யாருக்கும் சரியாக ஓய்வு கிடைக்காது, ஒருவர் வராவிட்டால் மற்றவர் கதை முடிந்தது என்றார். எனக்குத் தெரியும் என்று சொன்னேன்.