வருகிறவர்களுக்காக அடித்த சாயம்

சுவருக்குச் சாயம் அடிக்கிறவர் அடுத்த மாதம் வருகிறேன் என்றார். அடுத்த மாதம் சரிப்படாது என்று போனை வைத்துவிட்டேன். ஏன் சரிப்படாது என்று அவர் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது. அடுத்த மாதம் வரைக்கும் அப்பா இருப்பாரா என்பது எனக்குச் சந்தேகமாக இருந்தது. அவர் போவதற்குள் சுவர் காய்ந்திருக்க வேண்டும்.

சொல்லிவிட்டேன். சொல்லிக் கேட்கும்போது இன்னும் கேவலமாக இருக்கிறது.

சுங்கை பட்டாணி ஆஸ்பத்திரியில் அப்பாவை வார்டில் வைத்திருந்த டாக்டர், இருதயம் ரொம்பவும் தளர்ந்துவிட்டது, மிஞ்சினால் இரண்டு மாதம், இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள், கேட்டதைச் சாப்பிடக் கொடுங்கள் என்று மலாயில் சொல்லி அனுப்பினார். அப்பா கட்டிலில் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். நான் அவரிடம் எதையும் சொல்லவில்லை. வேறொருத்தியாக இருந்தால் வீட்டுக்கு வந்ததும் சாமி அறைக்குப் போய் அழுதிருப்பாள். நான் ஹாலுக்குள் நுழைந்ததும் சுவரைத்தான் பார்த்தேன்.

அதற்குக் காரணம் இருக்கிறது. அம்மா இறந்தபோது ஹாலில் பாய் விரித்து உட்கார்ந்த பெண்கள் சுவரில் சாய்ந்தார்கள். ஈரம் ஏறி உப்பிப்போன சுவர். எழுந்தபோது ஒவ்வொருத்தி முதுகிலும் வெள்ளையாகப் பொடி. "மகளும் மகனும் கை நிறைய சம்பாதிக்கிறாங்க, வீட்டப் பாத்தீங்களா?" என்று ஒருத்தி சொன்னது, சமையலறையில் எல்லாருக்கும் குடிக்கத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த என் காதில் விழுந்தது. அன்றைக்கு யார் வந்தார்கள், யார் மாலை போட்டார்கள் என்பதெல்லாம் மறந்துவிட்டது. அந்த வார்த்தை மட்டும் மறக்கவில்லை. இன்னொரு தடவை எவளும் அப்படிச் சொல்லக்கூடாது என்று எனக்கு ஒரு வெறி.

தொழிற்சாலையில் லீவு போட்டேன். தம்பி ஜொகூரில் இருக்கிறான். போனில் "நல்ல ஐடியாக்கா" என்றான். அவன் பங்கு அத்தோடு முடிந்தது. பீடோங் பெயிண்டுக் கடையில் டின்களை அடுக்கிக்கொண்டே "வீட்டுல கல்யாணமா?" என்று கேட்டார் கடைக்காரர். ஆமாம் என்று தலையாட்டினேன். என்ன துணிச்சல் பாருங்கள்.

"என்னத்துக்குமா இப்ப பெயிண்டு?" என்றார் அப்பா.

"தீபாவளிக்குப்பா."

"தைப்பூசமே இப்பதானே முடிஞ்சுச்சு?"

"கடைசி நேரத்துல போனா நல்ல கலர் கெடைக்காதுப்பா."

அப்பா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சரி, தஞ்சோங் டாவாய் போனா நண்டு வாங்கிட்டு வா, நாக்கு செத்துப் போச்சு" என்றார். "வேலை முடியட்டும்பா, கை ஒழியல" என்றேன். சிடாம் கிரி பக்கம் எஸ்டேட்டில் எண்ணெய்க்குப் போகிற செம்பனைக் குலைகளை ஏற்றும் லோரி ஓட்டியவர் அவர். எதிரே வருகிற வண்டி எந்தப் பக்கம் ஒதுங்கப் போகிறது என்று தூரத்திலேயே சொல்லிவிடுவார். அவருக்கா என் முகத்தைப் படிக்கத் தெரியாது? அப்போது எனக்கு அது உறைக்கவில்லை.

முதல் நாள் முழுக்கச் சுரண்டினேன். சுவர் அப்பளம் மாதிரி பெயர்ந்து விழுந்தது. மூக்கு, காது, வாய் எல்லாம் சுண்ணாம்பு. தோள்பட்டை இரண்டும் கழன்றுவிடும் போலிருந்தது. மறுநாள் காலையில் ரோலரை எடுத்தேன். கொஞ்ச நேரத்திலேயே வாடை தாங்காமல் அப்பா இருமத் தொடங்கினார். அவருடைய மடக்குக் கட்டிலைக் கார் நிறுத்துகிற போர்ச்சுக்கு இழுத்து, அவரைப் படுக்கவைத்தேன். வெயில் அடித்ததால் கேட்டிலிருந்து கூரைக்கு ஒரு கேன்வாஸ் கட்டினேன். ஹாலில் இருந்த பிளாஸ்டிக் நாற்காலிகளை வெளியே வரிசையாகப் போட்டேன். மாலை போட்ட அம்மா படத்தையும் குத்துவிளக்கையும் எங்கே வைப்பது? அப்பாவின் தலைமாட்டில் ஒரு ஸ்டூலில் வைத்தேன். ஈ மொய்க்கிறது என்றார். ஒரு வெள்ளை வேட்டியை எடுத்துத் தலைவரைக்கும் போர்த்திவிட்டு, ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

நான் செய்து வைத்திருந்தது என்னவென்று எனக்குப் புரிய, எதிர்வீட்டு அக்கா கத்த வேண்டியிருந்தது.

"ஐயோ அண்ணே! சொல்லாம கொள்ளாம போயிட்டீங்களே!"

ரோலரும் கையுமாக ஓடி வந்தேன். அக்கா கேட்டைப் பிடித்துக்கொண்டு மாரில் அடித்துக்கொண்டிருந்தார். வேட்டி மெல்ல விலகியது.

"எங்க போறது?" என்றார் அப்பா. "உள்ள பெயிண்ட் நாத்தம். அதான் இங்க கெடக்கேன்."

அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மூச்சு வந்ததும் என்மேல் பாய்ந்தார். "ஏன்டி, ஒனக்கு மூளை கீளை இருக்கா? கெடத்தி வச்சிருக்க லட்சணத்தப் பாரு! கொட்டாய் கட்டி, நாக்காலி போட்டு, தலைமாட்டுல வெளக்கு வேற! நான் குரூப்ல போட்டுட்டேன்டி!"

எங்கள் தாமான் குடியிருப்பு வாட்சாப் குரூப்பில் போட்டாகிவிட்டது என்றால் அப்புறம் கேட்க வேண்டுமா? ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். கேட்டுவரை முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்து, அப்பா கையாட்டுவதைப் பார்த்துத் திகைத்து நின்றார்கள். முனைக்கடை பாய் ஒரு பெட்டி தண்ணீர்ப் போத்தலைத் தோளில் சுமந்து வந்துவிட்டார்.

"அது யாருக்கு பாய்?" என்றார் அப்பா.

"இல்லண்ணே... வர்றவங்களுக்கு..."

"வந்துட்டாங்க லா. குடுங்க. பாவம், அழுது களைச்சுப் போயிருக்காங்க."

எல்லாரும் சிரித்தார்கள். நான்தான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தேன். மானம் கப்பலேறியது இதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "ஆமா, தீபாவளி எங்கயோ கெடக்கு. இப்ப எதுக்குடி பெயிண்டு? மாப்பிள்ளை கீப்பிள்ளை பாத்தாச்சா?"

ரோலரோடு உள்ளே போகத் திரும்பினேன்.

"ஆளுங்க வருவாங்கல்ல" என்றார் அப்பா. "அவ அம்மாவுக்கு வந்தப்ப சுவரு சேலைல ஒட்டிக்கிச்சுன்னு பேச்சு. எனக்கு வர்றப்ப அப்படி ஆகக்கூடாதுன்னு பாக்குறா."

கோபமில்லை, குத்தலுமில்லை. முன்னால் பாதை பழுது, மெதுவாகப் போ என்று சொல்கிற மாதிரி சொன்னார். அக்கா தரையைப் பார்த்தார். பாய் போத்தல் பெட்டியின் அட்டையைத் தடவிக்கொண்டு நின்றார். ரோலரிலிருந்து சாயம் என் காலில் சொட்டிக்கொண்டிருந்தது. அவ்வளவு பேர் முன்னால் அவர் என்னை ஓங்கி அறைந்திருந்தாலும் தாங்கியிருப்பேன்.

எல்லாரும் போன பிறகு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"எப்படிப்பா தெரியும்?"

"டாக்டரு பேசுனப்ப நான் தூங்கல. எனக்கென்ன மலாய் தெரியாதா?" போர்த்தியிருந்த வேட்டியை மடித்துக்கொண்டே சொன்னார். "கேட்டதச் சாப்பிடக் குடுங்கன்னாரு. நீ சுவருக்குல்ல குடுத்துக்கிட்டு இருக்க."

அழுகை வந்தது. அழக்கூட எனக்கு யோக்கியதை இல்லை என்று பட்டது. தலைமுடியில் சாயத்தோடு காரை எடுத்துக்கொண்டு தஞ்சோங் டாவாய்க்குப் போனேன். நல்ல நண்டெல்லாம் காலையிலேயே போய்விட்டிருந்தது. மிச்சமிருந்த சின்ன நண்டுகளைக் குழம்பு வைத்தேன். அவர் ஓடுகளைக் கடித்து உறிஞ்சி, "சதையே இல்லையே" என்று திட்டிக்கொண்டே எல்லாவற்றையும் சாப்பிட்டார்.

ஹால் முடிந்ததும் வெளிச்சுவரையும் அவர்தான் அடிக்கச் சொன்னார். பாதியில் விட்டால் அது ஒரு பேச்சாகும் என்றார். நான் ஏணியில் நிற்க, நாற்காலியில் உட்கார்ந்து "அந்த மூலையில விட்டுட்ட, குருடி" என்று நாள் முழுக்க ஏசினார். அந்த ஏச்சு எனக்கு வேண்டியிருந்தது.

டாக்டர் சொன்ன காலம் கடந்துவிட்டது. தீபாவளியும் வந்தது. நான் சொன்ன பொய் அதுபாட்டுக்கு உண்மையாகிவிட்டது. வந்தவர்கள் சுவரைத் தொட்டுப் பார்த்து, "நீயேவா அடிச்சே? ஆள் வச்சு அடிச்ச மாதிரியே இருக்கே" என்றார்கள். அப்பா ஹாலில் உட்கார்ந்து முறுக்கைத் தேநீரில் நனைத்துத் தின்றுகொண்டிருந்தார். யாராவது பாராட்டும்போதெல்லாம் என் பார்வை அவர் பக்கம் போகும். அவர் முறுக்கைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.

போன வாரம் ஹாலைக் கூட்டிக்கொண்டிருந்தபோது பார்த்தேன். அவர் நாற்காலிக்குப் பின்னால், தலை படுகிற இடத்தில், சுவரில் வட்டமாக ஓர் எண்ணெய்க் கறை. பார்த்த மாத்திரத்தில் எனக்கு வந்த நினைப்பு எது தெரியுமா? மிச்சச் சாயம் இருக்கிறதா என்பதுதான். அத்தனைக்குப் பிறகும் இந்தப் புத்தி மாறவில்லை. பின்கட்டுக்குப் போய் டின்னை எடுத்து ஆட்டிப் பார்த்தேன். உள்ளே கொஞ்சம் தளும்பியது. பிரஷ்ஷோடு திரும்பி வந்தால், அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். டின்னையும் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

"இப்ப அடிக்காதம்மா" என்றார். "நான் இன்னும் சாஞ்சுக்கிட்டுத்தானே இருக்கேன்."