காவலர் வில்லையும் மச்சானும்

திருட்டு வேட்டையாடிய காலம்வரை பாந்தலேயோன் தலைநிமிர்ந்துதான் நடந்தான். மன்னரின் காவலர் வில்லையைச் சட்டையில் குத்திக்கொண்ட பிறகுதான் அவனுக்குத் தலை குனிந்தது.

ரேம் பள்ளத்தாக்கில் பிறந்தவன். வரையாடு எந்தப் பாறை விளிம்பில் படுக்கும் என்பது அத்துப்படி. மன்னர் விக்டர் இம்மானுவேல் அந்த மலையை வேட்டைக்காடாக்கியபோது, திருடத் தெரிந்தவர்களையே காவலுக்கு வைத்தார்கள்.

ஆகஸ்டில் மன்னர் வருவார். ஊர் ஆண்கள் கூச்சலிட்டு ஆடுகளை அவர் துப்பாக்கிக்கு நேரே விரட்ட வேண்டும். கொம்பு மன்னருக்கு, இறைச்சி விரட்டியவர்களுக்கு. கணவாய்க்கு அந்தப் பக்கம், அதே மன்னரின் நாடாயிருந்த சவோயிலிருந்து, பாந்தலேயோனின் மனைவி யூலாலியின் அண்ணன் ஜெர்வேயும் வருவான். பனிப்பிளவில் விழுந்த பாந்தலேயோனை ஒருமுறை கயிறு போட்டுத் தூக்கியவன்.

பிறகு இத்தாலி ஒன்றானது. பிரான்சு செய்த படை உதவிக்குக் கூலியாகச் சவோய் அதன் கைக்குப் போயிற்று. மன்னர் தன் முன்னோர் மண்ணைக் கொடுத்தார். கூடவே பாந்தலேயோனின் மச்சானும் போனான்.

மறு ஆகஸ்டில் ஜெர்வே வழக்கம்போல வந்து வரிசையில் நின்றான். தலைநகர் துரினிலிருந்து வந்திருந்த புதுத் தலைமைக் காவலர் பார்த்துவிட்டார்.

“இவன் தோளப் பாத்தா திருட்டு ஆடு சுமந்து பழகினவனாட்டம் இருக்கே. பிரெஞ்சுக்காரன் எவனையாவது உள்ள விட்டீங்க, வில்லையக் கழட்டி வச்சிட்டுப் போயிடணும். பாந்தலேயோன், உனக்குத் தெரிஞ்சவனா?”

“பாத்ததில்லீங்க ஐயா.”

ஜெர்வே அவனை ஒரு கணம் பார்த்தான். “அவரு சொல்றது சரிதாங்க. நான் வழி தப்பி வந்துட்டேன்,” என்றான். இரண்டு காவலர்கள் அவனைக் கணவாய்வரை தள்ளிக்கொண்டு போனார்கள்.

வேட்டை பிரமாதமாக நடந்தது. ஆள் குறைந்ததில் மீந்த பங்கையும் தலைமைக் காவலர் பாந்தலேயோனுக்கே கொடுத்தார். செய்தி அவனுக்கு முன்பே வீடு சேர்ந்திருந்தது. யூலாலி இறைச்சியை ஒயினில் வேகவைத்து, மக்காச்சோளக் களியோடு பரிமாறினாள். நீயும் உட்கார் என்றான்.

“நீங்க சாப்பிடுங்க. முன்னபின்ன தெரியாத ஆளோட பங்கு எனக்கெதுக்கு?”

சாப்பிட்டான். ருசியாகவே இருந்தது; ஆயுசுக்கும் அவனை உறுத்தியது அதுதான்.

தலைநகர் மாற மாற மன்னர் ஃபிளாரன்சுக்குப் போனார், பிறகு ரோமுக்கு. பாந்தலேயோன் கணவாயின் எல்லைக்கல்வரை ரோந்து போவான். அந்தப் பக்கத்து ஊர்ப் புகை தெரியும், பார்த்துவிட்டுத் திரும்புவான். ஜெர்வே வரவேயில்லை.

மன்னர் இறந்து கோயில் மணி அடித்த அன்று, பாந்தலேயோன் எல்லோர் முன்னாலும் விம்மி அழுதான். என்ன ராஜவிசுவாசம் என்று ஊர் மெச்சியது. அவன் மறுக்கவில்லை. மறுத்தால் யாருக்காக அழுகிறான் என்று சொல்ல வேண்டிவரும்.