அப்பா தள்ளிய கார்

நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டவில்லை. ஆனால் பின்சக்கரம் பிடித்துக்கொண்டு நகராத பழைய வண்டி எதுவானாலும், கும்பகோணத்தில் என் பட்டறைக்குத்தான் கட்டி இழுத்து வருவார்கள். பட்டறை, மாடி வீடு, வாசலில் சொந்தக் கார், எல்லாம் இந்தக் கையால் வந்தது. பெருமைக்காகச் சொல்லவில்லை என்று சொல்ல மாட்டேன். பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

ஆனால் என் ஆயுசில் நான் கழற்றிய பிரேக் டிரம்களிலேயே நன்றாகக் கழற்றியது எங்கள் ஊர் மிராசுதார் வீட்டுக் காருடையது. அதைப் பற்றி மட்டும் யாரிடமும் பீற்றிக்கொண்டதில்லை.

குடவாசல் பக்கத்துக் கிராமம். ஆட்சி மாறி, கோட்டையில் புதியவர்கள் உட்கார்ந்திருந்த காலம். நிலத்துக்கு உச்சவரம்பு வருகிறது என்று மிராசுதார் சமையல்காரன் பெயருக்கும் மாட்டுக்காரன் பெயருக்கும் பட்டா மாற்றிக்கொண்டிருந்தார். எங்கள் தெருவில் கூலி உயர்வு கேட்டுச் சிவப்புக் கொடி ஏறியிருந்தது. கொடிக்கம்பத்துக்குக் குழி தோண்டியவர் என் அப்பா. குறுவை அறுப்புக்கு வெளியூர் ஆட்களை இறக்கியதும் சண்டை முற்றியது. காரில் போனால் மறிப்பார்கள் என்று மிராசுதார் வில்வண்டியில் கும்பகோணம் போய்விட்டார். அவர் மனைவி மட்டும் பண்ணையைப் பார்த்துக்கொண்டு ஊரில் இருந்தார்.

காரைக் களத்துக் கொட்டகையில் விட்டிருந்தார்கள். நாங்கள் தள்ளிக்கொண்டு போய் வாய்க்காலில் கவிழ்த்துவிடுவோம் என்று பயந்து, ஹேண்ட் பிரேக்கை இழுக்கிற மட்டும் இழுத்து வைத்திருந்தார்கள். ஐப்பசி மழையில் கொட்டகைக்குள் தண்ணீர் நின்று வடிந்தது. தை வரை கார் அசையவில்லை; இழுத்து வைத்த பிரேக் அப்படியே துருவேறி ஒட்டிக்கொண்டது.

அப்பா அந்தக் காரை நன்றாக அறிவார். மழைக்காலத்தில் வண்டிப்பாதைச் சேற்றில் அது இறங்கும்போதெல்லாம், அவரும் மற்ற ஆட்களும் நடவிலிருந்து கரையேறி வந்து தோள் கொடுத்துத் தள்ளுவார்கள். சக்கரம் வாரியிறைத்த சேறு முகத்தில் வழியும். கார் போன பிறகு மறுபடி வயலில் இறங்குவார்கள். அதுவும் பண்ணை வேலையில் சேர்த்திதான். யாரும் கூப்பிடக்கூட வேண்டாம்.

அப்போது நான் கும்பகோணத்தில் ஒரு பட்டறையில் வேலை கற்று, கைதேர்ந்துவிட்டிருந்தேன். பொங்கலுக்கு ஊர் வந்திருந்தேன். மாட்டுப் பொங்கல் கழிந்த காலையில், வைக்கோல் பிடுங்கப் போன அப்பாவைக் கண்ணாடி விரியன் கடித்துவிட்டது. மறியலுக்குப் பயந்து பஸ்ஸை நிறுத்தியிருந்தார்கள். மாட்டுவண்டியில் கும்பகோணம் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர உச்சி தாண்டிவிடும்; காரென்றால் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். கால் அதற்குள் வீங்க ஆரம்பித்திருந்தது.

நான் பண்ணை வீட்டுக்கு ஓடினேன்.

“கார் வேணும்மா. அப்பாவை விரியன் கடிச்சிட்டுது.”

“ஐயோ. அது நகராதேடா” என்றார் மிராசுதார் மனைவி. “மாட்டைப் பூட்டி இழுத்துப் பாத்தாச்சு. பின்சக்கரம் சுத்தவே மாட்டேங்குது.”

“சாவியைக் குடுங்கம்மா. சுத்துமா சுத்தாதான்னு நான் சொல்றேன்.”

அவர் உள்ளே போனார். பிறகு சாவியை எடுத்துவந்து நீட்டினார். “ஐயா கேட்டா நான் பேசிக்கிறேன். கொண்டு போ.”

என் சித்தப்பா கூட வந்தார். முன்சக்கரத்துக்குச் செங்கல் முட்டுக் கொடுத்து, ஜாக்கி வைத்துத் தூக்கி, பின்சக்கரங்களைக் கழற்றினேன். கண்டபடி ஓங்கி அடிக்கிறவன் மெக்கானிக் அல்ல. சக்கரத்தோடு சுற்றுகிற டிரம் தேய்ந்தால், உள்ளே விளிம்பு கட்டியிருக்கும். டிரம்மை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கிற பிரேக் ஷூ அதில் மாட்டிக்கொள்ளும். அதனால் முதலில் ஹேண்ட் பிரேக் கேபிளைத் தளர்த்தினேன். பிறகு பின்தகட்டில் இருக்கும் அட்ஜஸ்டரைத் திருப்பி, ஷூவை உள்ளே இறக்கினேன். டிரம்மைப் பிடித்திருந்த திருகுகளைக் கழற்றி, மண்ணெண்ணெய் ஊற்றி, கட்டை வைத்துச் சுற்றிச் சுற்றித் தட்டினேன்.

“என்னடா, மாட்டுக்கு லாடம் கட்டுறவன் மாதிரி தட்டிக்கிட்டு இருக்க? ஓங்கிப் போடு!”

“சும்மா இரு சித்தப்பா. டிரம் ஒடைஞ்சா நீயா சக்கரமா உருளுவ?”

அப்போதும் வரவில்லை. பண்ணை வீட்டுக் கொல்லையில் நெல் அவித்துக்கொண்டிருந்தார்கள். அண்டாவில் கொதித்த தண்ணீரை வாளியில் மொண்டுவரச் சொல்லி, டிரம்மின் மேல் வளையமாக ஊற்றினேன். இரும்பு சூட்டில் விரிந்தது. மறுபடி தட்டினேன். உள்ளே ‘டொக்’கென்று ஒரு சத்தம். துருப்பொடி கொட்ட, டிரம் என் கையோடு வந்தது. அடுத்த பக்கமும் அப்படியே. அந்த யோசனையை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

ஷூவைத் தளர்வாகவே விட்டு, டிரம்மைத் திரும்ப மாட்டி, சக்கரத்தைப் பூட்டினேன். முன்பிரேக் மட்டும் போதும். பேட்டரி செத்துக் கிடந்தது. எங்கள் தெரு ஆட்கள் ஓடிவந்து தள்ளினார்கள். இருமி இருமி, வண்டி புறப்பட்டுவிட்டது.

அந்தக் கார் எங்கள் தெருவுக்குள் வந்தது அன்றைக்குத்தான். அப்பா கயிற்றுக் கட்டிலில் கிடந்தார். காரைப் பார்த்தார்.

“இது எதுக்குடா வந்துது?”

“ஆஸ்பத்திரிக்குப்பா. ஏறுங்க.”

“நான் ஏற மாட்டேன்.”

“அண்ணே, உசுரு போயிடும்ண்ணே!” என்றார் சித்தப்பா.

“போவட்டும். எத்தினி மழைக்கு இதைச் சேத்துலேருந்து தூக்கிவிட்டேன்? ஏறுடான்னு ஒரு நாள் சொன்னானா? இப்ப பாம்பு கடிச்சதும் ஏறணுமா?”

“நான்தாம்ப்பா ஓட்டுறேன். பின்சக்கரத்தை நான்தான் கழட்டினேன்.”

“நீ ஓட்டு. வண்டி அவன் வண்டி. எனக்கு மாட்டைப் பூட்டச் சொல்லு.”

தூக்கிப் போடலாம் என்று நாலு பேர் நெருங்கினோம். கையை உதறித் திமிறினார். உடம்பு குலுங்கினால் விஷம் ஏறும் என்று விட்டுவிட்டோம். மாட்டுவண்டியில் வைக்கோல் பரப்பி அவரைப் படுக்க வைத்தார்கள். சித்தப்பா பக்கத்தில் உட்கார்ந்தார்.

நான் காரை அந்த வண்டிக்குப் பின்னால் ஓட்டினேன். முதல் கியரில், மாட்டின் நடைக்கு. இப்போது மனசு மாறும், அடுத்த வாய்க்கால் மதகில் மாறும் என்று பார்த்துக்கொண்டே. பின்சீட் காலியாகக் கிடந்தது. அப்பா வைக்கோலில் சாய்ந்து, என்னையே பார்த்துக்கொண்டு வந்தார். நான் ஹாரன் அடித்தேன். கெஞ்சுகிற மாதிரி ஹாரன் அடிக்க முடியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அவர் தலையை ஆட்டினார், வேண்டாமென்று.

பாதி வழியில் சித்தப்பா கையைத் தூக்கிக் கத்தினார். அப்பாவின் ஈறிலிருந்து ரத்தம் வந்திருந்தது, கண் சொருகியிருந்தது. ஓடிப்போய்த் தூக்கினேன். இப்போது அவர் கை உதறவில்லை. பின்சீட்டில் சித்தப்பா மடியில் கிடத்திவிட்டு, எவ்வளவு வேகம் போகுமோ அவ்வளவு வேகம் போனேன். ஆஸ்பத்திரி வாசலில் டாக்டர் காருக்குள்ளேயே குனிந்து, நாடி பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

என் அப்பா காரில் ஏறியது அந்த ஒரு தடவைதான். ஏறியது அவருக்குத் தெரியாது.

காரியம் முடிந்த பிறகு ஒருநாள் சித்தப்பாவிடம் கேட்டேன்: “என்னையே பாத்துக்கிட்டு வந்தாரே, திட்டினாரா?”

“திட்டல. ‘பாருடா, இத்தினி மெதுவா ஓட்டுறான், ஒரு தடவையாவது எஞ்சின் நிக்குதா பாரு’ன்னு சொன்னாரு. அதைத்தான் சொல்லிச் சொல்லிக் காட்டிக்கிட்டு வந்தாரு.”

நான் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டேன்.