என் போன், தங்கையின் கதை

மூன்று மாதங்களுக்கு முன் ஒரு மதியம். யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறைக்குத் தங்கையைப் பார்க்க மோட்டார் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தேன். புத்தூரில் பொலிஸ் சோதனை. அடையாள அட்டை, பை... எல்லாம் பார்த்தபின் இளம் பொலிஸ்காரர் கையை நீட்டினார்.

"போன் குடுங்க. லொக் எடுங்க."

எடுத்துக் கொடுத்தேன். ஒளிக்க என்னிடம் என்ன இருக்கிறது?

பின்னால் ஸ்கூட்டியில் வந்த பெண் மட்டும் கேட்டாள். "சேர், என்னிலை என்ன சந்தேகம்? கோர்ட் ஓடர் ஏதும் இருக்கோ?" குரலை உயர்த்தவேயில்லை. அவளை ஓரமாக நிற்கச் சொன்னார்கள்.

அதற்குள் பொலிஸ்காரரின் விரல் என் வாட்ஸ்அப்பில் ஒரு வொய்ஸ் மெசேஜைத் தட்டிவிட்டது. காலையில் தங்கை அனுப்பியது, சத்தமாக ஒலித்தது.

"அண்ணை, ரிப்போர்ட் வந்திட்டுது. மார்பிலை இருக்கிறது கான்சர்தானாம். இவருக்கு இன்னும் சொல்லேல்லை... ஆறுதலா நானே சொல்லுறன். நீங்கள் ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ."

சிங்களவரான பொலிஸ்காரருக்கு அவ்வளவு தமிழ் புரிந்திருக்காது. வரிசையில் நின்றவர்களுக்குப் புரிந்தது.

ஐந்து நிமிடத்தில் என்னை விட்டுவிட்டார்கள். அந்தப் பெண் வெயிலிலேயே நின்றாள்.

தங்கையிடம் நடந்ததைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மாலையில் மச்சான் வேலை முடிந்து வந்தார். முகம் சரியில்லை. அவரோடு வேலை செய்யும், என்னையும் தெரிந்த ஒருவர் அந்த வரிசையில் நின்றிருக்கிறார்.

"றோட்டிலை நிண்டவனுக்குத் தெரியுது. எனக்குத் தெரியேல்லை," என்றார் தங்கையிடம்.

அவள் என்னைப் பார்த்தாள். அப்போதுதான் சொன்னேன்.

"ஏன் திறந்து குடுத்தனீங்கள்?"

"என்ரை போன்தானே எண்டு..."

"போன் உங்கடைதான். கதை என்ரையெல்லோ அண்ணை."

குற்றவாளியைப் பிடிக்கப் பொலிஸுக்கு அதிகாரம் வேண்டாமா? வேண்டும். ஆனால், 'எதற்காக?' என்று ஒரு நீதவான் கேட்டபின் தேடினால் என்ன குறைந்துவிடும்? ஒருவரின் போனைத் திறந்தால் அவரை நம்பிப் பேசிய அத்தனை பேரும் அல்லவா நடுத்தெருவில் நிற்கிறார்கள்... அவர்களில் யாரிடம் நான் சம்மதம் கேட்டேன்? பொலிஸ்காரர் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

தங்கைக்கு ஒப்பரேஷன் முடிந்துவிட்டது. தேறி வருகிறாள். ஆஸ்பத்திரிக்குப் போகவர மச்சான்தான் துணை. ஆனால் அந்தச் செய்தியைத் தன் வாயால், தான் நினைத்த நேரத்தில் சொல்ல அவளுக்கு வாய்க்கவில்லை. அதை யார் திருப்பிக் கொடுப்பது?

இதை எழுத அவளிடம் அனுமதி வாங்கியிருக்கிறேன். நேரில் போய்த்தான் கேட்டேன்.