பலகையில் வந்த முகம்

கனகலட்சுமிக்கு முகம் வரையத் தெரியாது. அதை அவளே எல்லோரிடமும் முதலில் சொல்லிவிடுவாள். மயில் வரும், கோயில் கோபுரம் வரும், புள்ளிக் கோலம் வரும். பிளைவுட் பலகைக்கு வெள்ளை பெயிண்ட் அடித்து, சின்னச் சின்ன ஆணிகளை இறக்கி, ஆணிக்கு ஆணி கறுப்பு நூலை இழுத்துக் கட்டி உருவம் கொண்டுவருவாள். பாலவனத்தத்திலிருந்து தினமும் காலை பஸ்ஸில் அருப்புக்கோட்டைக்குப் போய் ஒரு விசைத்தறிக் கொட்டகையில் தார் சுற்றுகிறவள். தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் வைக்கிற குச்சியில் நூலேற்றுகிற வேலை அது. அங்கே மீந்து போகிற துண்டு நூலைக் குப்பையில் போடாமல் பையில் போட்டு எடுத்து வருவாள். மகள் சாத்தூரில் வாக்கப்பட்டுப் போன பிறகு சாயங்காலங்களில் கை சும்மா இருக்க மாட்டேன் என்றது. செல்போனில் யாரோ செய்ததைப் பார்த்துத் தானும் ஆரம்பித்ததுதான்.

போன வருஷம் மார்கழியில் மகளிர் குழுவுக்கு ஒரு கடிதம் வந்தது. தை மாதம் அருப்புக்கோட்டையில் மூன்று நாள் கலைத் திருவிழா, கையால் செய்த பொருள்களை வைக்கலாம், கடைக்கு வாடகை கிடையாது என்று. கனகலட்சுமி ஏழு மயில்களையும் இரண்டு கோபுரங்களையும் எடுத்து வைத்தாள். கடைக்கு நடுவில் வைக்கப் பெரிதாக ஒன்று வேண்டும் என்று தோன்றியது. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் பழைய சாமான் கடையில் மூன்றடிக்கு இரண்டடி பலகை ஒன்று கிடைத்தது. கனமான பலகை. ஒரு பக்கம் முழுக்கப் பொடிப் பொடியாக ஓட்டைகள்.

"இது எங்கேருந்து வந்துச்சு அண்ணாச்சி?"

"இடிச்ச வீட்டுச் சாமானோட வந்துச்சு தாயி. யாரு கண்டா."

பெயிண்ட் அடித்த பிறகும் ஓட்டைகள் மறையவில்லை. அவள் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. இருக்கிற ஓட்டையிலேயே ஆணியை வைத்தால் சுத்தியல் வேலை மிச்சம் என்றுதான் நினைத்தாள். பெரிய மயிலாகப் போடலாம் என்று வால் பக்கத்திலிருந்து நூலை இழுக்க ஆரம்பித்தாள். மூன்றாம் நாள் தோகை வரவேண்டிய இடத்தில் ஒரு கன்னம் வந்தது. மறுநாள் மூக்கு. கை தன்பாட்டுக்கு ஓடியது. பொங்கலுக்கு முந்தின வாரம் பலகையைச் சுவரில் சாய்த்துத் தள்ளி நின்று பார்த்தபோது ஒரு ஆம்பிளை அவளை நேருக்கு நேராகப் பார்த்துக்கொண்டிருந்தான். முப்பது வயசு இருக்கலாம், நாற்பதும் இருக்கலாம். இடது புருவத்தில் ஓரிடத்தில் நூல் அறுந்தது போல ஒரு இடைவெளி. அந்த இடத்தில் பலகையில் ஓட்டையே இல்லை.

அவள் புருஷன் அழகுராஜா சோறு தின்றுகொண்டே பார்த்தார்.

"முகம் வராதும்ப. யாரு இது?"

"தெரியல. எனக்குத் தெரிஞ்ச ஆளு இல்ல."

"நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டார்.

திருவிழா ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் நடந்தது. ஒரு பக்கம் மேடையில் கரகமும் ஒயிலாட்டமும். மறுபக்கம் தகரக் கொட்டகை போட்டு வரிசையாகக் கடைகள். பனையோலைப் பெட்டி, சுடுமண் குதிரை, சிரட்டையில் செதுக்கிய கிண்ணம், பாசிமணி. அங்கெல்லாம் ஒரே பேச்சுச் சத்தம். கனகலட்சுமியின் கடைக்கு முன்னால் வந்ததும் சனங்கள் பேச்சைக் குறைத்தார்கள். முதல் நாள் மத்தியானத்துக்குள் அதை அவள் கவனித்துவிட்டாள். மயில்களைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்ப்பார்கள், விலை கேட்பார்கள். நடுவில் நின்ற முகத்தை யாரும் தொடவில்லை. கரை வேட்டி கட்டிய பெரிய மனிதர் ஒருவர் நெடுநேரம் நின்றார். ஒன்றும் கேட்காமல் போனார். கொஞ்சம் கழித்துத் திரும்பி வந்து கடை முன்னால் கிடந்த தன் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். எப்போது கழற்றினார் என்று அவருக்கே தெரியாது போலிருந்தது.

இரண்டாம் நாள் காலையில் தங்கத்தாய் வந்தாள். திருச்சுழிக்குத் தெற்கே ஒரு கிராமம், அறுபது தாண்டியவள். ஊர்க்காரப் பொம்பளைகளோடு ஒயிலாட்டம் பார்க்க வந்திருந்தாள். கூட வந்தவர்கள் முன்னால் போய்விட, இவள் மட்டும் நின்றுவிட்டாள்.

"எம் மகன எங்கத்தா பாத்த?" என்றாள்.

கனகலட்சுமிக்கு முதலில் விளங்கவில்லை.

"பால்சாமிய எங்க பாத்த? ஆழ்கெணறு தோண்டுற போர் வண்டில வேலைக்குப் போனவன். ஒம்போது வருசமாச்சு. ரெண்டு மாசம் போன் பேசினான். மத்தியப்பிரதேசம்னான், அப்பறம் வேற ஏதோ ஊருன்னான். அப்பறம் ஒண்ணுமில்ல."

"நான் யாரையும் பாத்துப் போடல ஆத்தா. மயிலு போடத்தான் ஆரம்பிச்சேன்."

"கெணத்துல தண்ணி எறைக்கும்போது கப்பி தெறிச்சுப் புருவத்துல கிழிச்சிருச்சு. ஏழு வயசுல. அதக்கூடப் போட்டிருக்க. பாக்காமயா போட்ட?"

சுருக்குப் பையிலிருந்து பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு போட்டோவை எடுத்தாள். கனகலட்சுமி வாங்கிப் பலகைக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தாள். ஒல்லியான முகம், அகன்ற நெற்றி. அதே ஆள்தான். புருவத்தின் வெட்டு உட்பட அதே ஆள். போட்டோவை அவசரமாகத் திருப்பிக் கொடுத்தாள். தை மாத வெயில் தகரத்தின் மேல் காய்ந்துகொண்டிருந்தது.

தங்கத்தாய் அன்றைக்கு ஒயிலாட்டம் பார்க்கப் போகவில்லை. கடைக்குள் வந்து பலகைக்கு எதிரே சப்பணமிட்டு உட்கார்ந்துகொண்டாள். மெதுவான குரலில் ஊர்ச் சேதி சொல்லத் தொடங்கினாள். யாருக்குக் கல்யாணமானது, எந்தக் கண்மாய் பெருகவில்லை, எந்த மாட்டை விற்றது என்று.

வீரசோழன் என்ற ஊரைச் சேர்ந்த பர்வீன் வந்தது அன்று பிற்பகல். முப்பத்தைந்து வயசு. அக்கா வீட்டுக்கு வந்தவள், அக்கா பிள்ளைகளோடு திருவிழாவுக்கு வந்திருந்தாள். முகத்தைப் பார்த்ததும் பிள்ளைகளை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு உள்ளே வந்தாள்.

"அக்கா, இவுகள உங்களுக்கு எப்படித் தெரியும்?"

தங்கத்தாய் திரும்பிப் பார்த்தாள்.

"எங்க வீட்டுக்காரவுக" என்றாள் பர்வீன். "ஒலி முகம்மது. சவுதிக்குப் போயி ஆறு வருசமாகுது. கம்பெனி மாறிட்டாகன்னு சொன்னாக. அப்பறம் போனும் இல்ல, ஆளும் இல்ல. கூட இருந்தவுககிட்ட கேட்டா, இங்கேருந்து போயிட்டாருன்றாக."

அவள் செல்போனில் பாஸ்போர்ட்டுக்கு எடுத்த படம் இருந்தது. சதைப்பற்றான முகம், குறுந்தாடி. பால்சாமிக்கும் இவருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்தால் பச்சைப் பிள்ளைகூட வேறு வேறு ஆள் என்று சொல்லும். ஆனால் செல்போனைப் பலகைக்குப் பக்கத்தில் கொண்டுபோனதும் பலகையில் இருந்தது ஒலி முகம்மது. தாடி இருக்க வேண்டிய இடத்தில் நூல் நெருங்கியிருந்தது. கனகலட்சுமி தங்கத்தாயின் போட்டோவை வாங்கி மறுபடி வைத்துப் பார்த்தாள். பால்சாமி. செல்போனை வைத்தாள். ஒலி முகம்மது. நாலைந்து தடவை மாற்றி மாற்றி வைத்துவிட்டு, போட்டோவையும் போனையும் அவரவர் கையில் கொடுத்துவிட்டு, கொட்டகைக்கு வெளியே வந்து தண்ணீர் குடித்தாள்.

இரண்டு பேரும் சண்டை போடுவார்கள் என்று பயந்தாள். திரும்பி உள்ளே போனபோது இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். தங்கத்தாய் பர்வீனிடம், "ஒனக்கு எத்தன புள்ளைக?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் நாள் சாயங்காலம் கடைகளைப் பிரித்தபோது பலகையை அவர்கள்தான் எடுத்துப் போனார்கள். ஒரு மாதம் தங்கத்தாய் வீட்டில், ஒரு மாதம் பர்வீன் வீட்டில் என்று அவர்களே பேசிக்கொண்டார்கள். கனகலட்சுமி விலை சொல்லவில்லை. அதைத் தன் வீட்டுக்குத் திரும்பக் கொண்டுபோக அவளுக்கு மனசில்லை என்பதுதான் உண்மை. அதே போல இன்னொன்று செய்து ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிடலாம் என்று புதுப் பலகையில் எண்ணி எண்ணி ஆணி அடித்துப் பார்த்தாள். வெறும் நூல்தான் வந்தது.

மாசம் பிறந்தால் பர்வீன் போன் செய்வாள். "போர்வையில சுத்தி பஸ்ஸுல எடுத்துட்டு வந்துட்டேன் அக்கா." அடுத்த மாசம் தங்கத்தாய். வைகாசியில் ஒரு தடவை தங்கத்தாய் பேசியபோது குரல் ஒரு மாதிரியாக இருந்தது.

"அவன் மூஞ்சி வத்திக்கிட்டே வருது தாயி. முடியெல்லாம் நரைக்குது. நீ வந்து ஒரு எட்டு பாரேன்."

வெயில் பட்டுச் சாயம் வெளிறியிருக்கும் என்று கனகலட்சுமி நினைத்தாள். சாயம் நிற்காத நூல் அது, அவளுக்குத் தெரியும். கறுப்பு நூல் உருண்டை ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை அழகுராஜாவோடு பைக்கில் கிளம்பினாள். அவர் மினி லாரி டிரைவர். மதுரை, தூத்துக்குடியைத் தாண்டி வண்டி ஓட்டியதில்லை. வழியெல்லாம் அவர் ஒரே சந்தோஷமாகப் பேசிக்கொண்டு வந்தார். கூட்டாளி ராமசுப்பு அவருக்குப் பெரிய லாரியில் வேலை பேசி வைத்திருந்தான். நாக்பூர் வரைக்கும் லோடு. வருகிற புதன்கிழமை இரண்டு பேரும் சேர்ந்து புறப்படுவதாக ஏற்பாடு.

உச்சி வெயிலில் அந்த ஊருக்குள் நுழைந்தார்கள். தெருவில் ஒரு ஆள் இல்லை. ஊரைச் சுற்றிலும் சீமைக்கருவேலம், அதற்கு அந்தப் பக்கம் உழுது போட்ட கரிசல். அழகுராஜா வேப்பமர நிழலில் பைக்கை நிறுத்தி அதிலேயே உட்கார்ந்துகொண்டார். "நீ போயிட்டு வா. எனக்கெதுக்கு" என்றார்.

உள்ளே பலகை சுவரோரம் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. முன்னால் ஒரு தட்டில் சோறும் கருவாட்டுக் குழம்பும். தங்கத்தாய் தண்ணீர் கொண்டுவர அடுப்படிக்குப் போனாள். கனகலட்சுமி குனிந்து நூலைத் தொட்டாள். சாயம் போகவில்லை. நூல் கட்டின அன்றைக்கு இருந்தது போல அட்டக் கறுப்பு. நிமிர்ந்து முகத்தைப் பார்த்தாள்.

முன்பு அவள் பார்த்த ஆள் அங்கே இல்லை. அழகுராஜா இருந்தார். வெற்றிலை போட்டு ஒரு பக்கம் இழுத்துக்கொண்ட உதடு, மேல் நோக்கி மடங்கின காது, ஐம்பதைத் தொடப்போகிற அந்த வழுக்கை. ஜன்னல் வழியே திரும்பிப் பார்த்தாள். அவர் பைக்கின் மேல் உட்கார்ந்து செல்போனைத் தட்டிக்கொண்டிருந்தார். மறுபடி பலகையைப் பார்த்தாள். அவரேதான்.

"பாத்தியா, எப்படி நரைச்சுப் போனான்" என்றாள் தங்கத்தாய், செம்பை நீட்டிக்கொண்டே.

கனகலட்சுமி ஆமாம் என்று சொன்னாள்.

செவ்வாய்க்கிழமை வரை அவள் ஒன்றும் பேசவில்லை. அன்று சாயங்காலம் அழகுராஜா பையில் துணி எடுத்து வைத்துவிட்டு லைசென்ஸைத் தேடினார். டிரங்குப் பெட்டி, சட்டைப் பைகள், சாமி படத்துக்குப் பின்னால் எல்லாம் தேடினார். அவள் அடுப்பு முன்னால் உட்கார்ந்திருந்தாள். லைசென்ஸ் அவள் இடுப்பில் சொருகியிருந்தது.

"எங்கிட்டத்தான் இருக்கு. நீங்க போக வேண்டாம்."

"கிறுக்கு கிறுக்கா ஏதும் பேசாத. வண்டிக்காரவுககிட்ட வாக்குக் கொடுத்தாச்சு."

அவள் கண்டதைச் சொன்னாள். சொல்லும்போது அவளுக்கே வெட்கமாக இருந்தது. அவர் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "என் மூஞ்சியா? அப்ப நானே பாத்துட்டு வாரேன்" என்று பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அவளும் வருகிறேன் என்றதற்குக் கூடாது என்றார்.

அவர் திரும்பி வந்தபோது ஊர் அடங்கிவிட்டது. சட்டை முதுகெல்லாம் நனைந்திருந்தது. வாசலில் நின்றபடியே ராமசுப்புவுக்குப் போன் செய்தார். "நான் வரலடா. வேற ஆளப் பாத்துக்கோ" என்றார். அவன் எதிர்ப்பக்கம் கத்துவது கனகலட்சுமிக்குக் கேட்டது. இவர் போனை அணைத்தார்.

"பாத்தீகளா?"

"ம்."

"உங்க மொகந்தான?"

அவர் அவளைப் பார்த்தார். கொல்லைப் பக்கம் போய் நெடுநேரம் முகம் கழுவினார்.

ராமசுப்பு வேறொரு டிரைவரோடு போனான். நாற்பது நாள் கழித்து இரண்டு பேரும் நல்லபடியாகத் திரும்பி வந்தார்கள். நாக்பூரிலிருந்து கொண்டுவந்த ஆரஞ்சு மிட்டாய்ப் பெட்டி ஒன்றை இவர்கள் வீட்டிலும் கொடுத்துவிட்டுப் போனான். வாய்ப்பை விட்டதற்காக அழகுராஜா அவளைக் குத்திக் காட்டுவார் என்று கனகலட்சுமி காத்திருந்தாள். அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மினி லாரியிலேயே ஓடிக்கொண்டிருக்கிறார்.

இந்தத் தை மாதத் திருவிழாவிலும் கனகலட்சுமிக்குக் கடை கொடுத்தார்கள். மயிலும் கோபுரமும் மட்டும் வைத்தாள். எல்லாமே புதுப் பலகை. போட்டோவும் கையுமாக ஏழெட்டுப் பேர் விசாரித்துக்கொண்டு வந்தார்கள். முகம் போடத் தெரியாது என்று சொல்லி அனுப்பிவிட்டாள். பலகை இன்னும் இரண்டு வீட்டுக்கும் மாறி மாறிப் போய்க்கொண்டுதான் இருக்கிறது. அந்தப் பக்கம் அவள் போவதில்லை.

ஒன்று மட்டும் மாறியிருக்கிறது. அன்றைக்குப் பிறகு அழகுராஜா அவளைப் பஸ்ஸில் போக விடுவதில்லை. காலையில் தறிக் கொட்டகை வாசல் வரை பைக்கில் கொண்டுபோய் விடுகிறார். சாயங்காலம் வேலை விடுகிற நேரத்துக்கு அரைமணி முன்னாலேயே வந்து நிற்கிறார். லோடு இருக்கிற நாளில் கொழுந்தனை அனுப்புகிறார். மகளைப் பார்க்கச் சாத்தூருக்குத் தனியாகப் போகிறேன் என்றால் வேலையைப் போட்டுவிட்டுக் கூட வருகிறார். கூட வேலை செய்யும் பொம்பளைகள் கேலி பேசுகிறார்கள். பலகையில் அவர் யாரைப் பார்த்தார் என்று கனகலட்சுமி இரண்டு தடவை கேட்டாள். இப்போது கேட்பதில்லை. ஆணி அடிக்கிறபோது சில நேரம் தலையைத் தூக்கினால் அவர் வாசப்படியில் உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருப்பார்.

"என்ன பாக்குறீக?"

"ஒண்ணுமில்ல. நீ வேலையப் பாரு" என்பார்.